பழைய துணிப் பை எங்கே போகிறது?

பீரோவைக் காலி செய்து, உடுத்தாத துணிகளையெல்லாம் ஒரு பையில் அமுக்கிக் கட்டி, சேகரிப்புப் பெட்டியின் வாய்க்குள் தள்ளிவிட்டுத் திரும்பும்போது ஒரு நிம்மதி வரும். இடம் கிடைத்துவிட்டது. குப்பையிலும் போடவில்லை. யாரோ ஒருவர் உடுத்திக்கொள்ளப் போகிறார். இந்த மூன்றில் முதலாவது மட்டும்தான் நிச்சயம். மற்ற இரண்டும் பைக்குள் என்ன இருந்தது, எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்தவை. பையைக் கட்டும்போது அதை யாரும் பெரிதாக யோசிப்பதில்லை; நானும் பல வருடம் யோசித்ததில்லை.

பெட்டியில் விழுந்த பை அடுத்துப் போவது பிரிப்புக் கூடத்துக்கு. ஓடும் பெல்ட்டின் இரு பக்கமும் ஆட்கள் நின்று, வரும் துணியை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். தொட்டதுமே பருத்தியா, கம்பளியா, பாலியஸ்டரா என்று சொல்லிவிடும் அனுபவம் அவர்களுக்கு உண்டு. காலர் அழுக்கு, அக்குள் கறை, பிரிந்த தையல், வழக்கொழிந்த ஃபேஷன் எல்லாம் சில விநாடிகளில் கணக்கில் வந்துவிடும். அகச்சிவப்பு ஒளியால் இழையை அடையாளம் காணும் இயந்திரங்கள் வந்துவிட்டன, சரி. ஆனால் இந்தச் சட்டையை இன்னொருவர் ஆசைப்பட்டு எடுப்பாரா என்பதை இன்னும் மனிதக் கண்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தத் தொழிலின் கணக்கு விசித்திரமானது. வந்து சேரும் மலையில் ஒரு சிறு பங்குதான் நல்ல விலைக்குப் போகிறது. மற்றவற்றைப் பிரிக்க, கட்ட, ஏற்றி அனுப்ப ஆகும் செலவையும் அந்தப் பங்கில் வரும் காசுதான் தாங்குகிறது. நாலு தடவை துவைத்ததும் தொய்ந்துவிடும் மலிவு உடைகள் பெருகப் பெருக, அந்த முதல் தரப் பங்கு சுருங்குகிறது. ஐரோப்பாவில் நெடுங்காலம் இதே வேலையைச் செய்துவந்த சில நிறுவனங்கள் 2024-ல் தடுமாறியதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஆக, நைந்துபோன துணியாகவே நிரப்பிக் கொடுத்த பையில் நாம் கொடுப்பது பெரும்பாலும் வேலையைத்தான்.

கட்டைப் பிரித்தால்தான் தெரியும்

முதல் தரம் போக மீதியில் பெரும்பகுதி, கட்டுக் கட்டாக அழுத்தப்பட்டுக் கப்பல் ஏறுகிறது. அது போய்ச் சேரும் இடங்களில் அதிகம் பேசப்படுவது கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் உள்ள கான்டமான்டோ சந்தை. ஏறக்குறைய 30,000 பேர் பிழைக்கும் இடம். அங்கே வேலை செய்யும் 'தி ஆர் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பின் மதிப்பீட்டில், வாரத்துக்குச் சுமார் 1.5 கோடி உருப்படிகள் அந்தச் சந்தைக்குள் வருகின்றன. பழைய துணிக்கு அந்த ஊரில் வழங்கும் பெயர் 'ஒப்ரோனி வாவு'. இறந்துபோன வெள்ளைக்காரரின் உடை என்று பொருள். உயிரோடிருக்கிற ஒருவர் இவ்வளவு துணியையா தூக்கிப் போடுவார் என்ற ஆச்சரியம் அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அங்கே ஒரு வியாபாரி கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்க முடியாது. பணத்தைக் கொடுத்த பிறகுதான் கம்பியை அறுக்கலாம். பலர் கடன் வாங்கித்தான் கட்டு எடுக்கிறார்கள். உள்ளே நல்ல சட்டைகள் இருந்தால் வட்டி கட்டலாம். எண்ணெய்க் கறையும் உடைந்த ஜிப்புமாக இருந்தால் அந்த வாரம் நஷ்டம். வருவதில் சுமார் 40 சதவீதம் குப்பையாகவே வெளியேறுகிறது என்று ஆர் ஃபவுண்டேஷன் சொல்கிறது. பழைய துணி வியாபாரிகளின் சங்கமோ, 5 சதவீதத்துக்கு மேல் போகாது என்று மறுக்கிறது. பிழைப்பைக் காப்பாற்ற நினைக்கும் வியாபாரிகளின் பதற்றம் புரிகிறது. ஆனால் வாரத்துக்கு 1.5 கோடி உருப்படி வரும் இடத்தில் 5 சதவீதம் என்றாலே 7.5 லட்சம் உருப்படி. அக்ரா கடற்கரை மணலில் பாதி புதைந்து, கயிறுபோல முறுக்கிக்கொண்டு கிடக்கும் துணிகள் அந்தக் கணக்கின் மிச்சம். 2025 பிறந்த முதல் நாள் இரவில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீயில் எரிந்து போனது. வியாபாரிகள் மறுபடி கட்டி எழுப்பினார்கள். வேறு வழி?

சிலி நாட்டின் இக்கிகே துறைமுகம் இன்னொரு உதாரணம். வரிவிலக்குப் பெற்ற அந்தத் துறைமுகத்தில் இறங்கும் துணிகளில் விலை போகாதவை, பக்கத்திலுள்ள அடகாமா பாலைவனத்தில் கொட்டப்பட்டன. மழையே அபூர்வமான மண் அது. பாலியஸ்டர் அங்கே மக்கப் போவதில்லை. ருவாண்டா வேறு வழியில் போனது. உள்ளூர் ஆடைத் தொழிலைக் காப்பாற்ற 2016-ல் பழைய துணி மீதான இறக்குமதி வரியைப் பல மடங்கு உயர்த்தியது. 2018-ல் அமெரிக்கா, ருவாண்டாவின் ஆடைகளுக்குக் கொடுத்திருந்த வரிச்சலுகையை நிறுத்திவைத்துப் பதில் சொன்னது. வேண்டாத துணியை வேண்டாம் என்று சொல்லக்கூட ஒரு நாடு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் சொல்வது, கொடுப்பதையே நிறுத்துங்கள் என்பதற்காக அல்ல. நல்ல நிலையில் கைமாறும் ஒரு சட்டை, புதுச் சட்டை ஒன்றின் இடத்தைப் பிடிக்கலாம். ஒரு பருத்தி டி-சர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் தேவைப்படுவதாக ஒரு பரவலான மதிப்பீடு உண்டு. பழையதை உடுத்துவதற்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். சிக்கல் பைக்குள் இருக்கும் கலப்படத்தில்தான்.

கிழித்து நூலாக்கினால்?

'யாரும் உடுத்தாவிட்டாலும் பரவாயில்லை, ரீசைக்கிள் செய்துவிடுவார்கள்' என்பது அடுத்த ஆறுதல். கந்தலிலிருந்து நூல் எடுப்பது புது வித்தை ஒன்றும் இல்லை. 1813-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், பேட்லி என்ற ஊரில், பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து, புதுக் கம்பளியோடு கலந்து மறுபடி நூற்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்தத் துணிக்கு 'ஷாடி' என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்கு இதில் தைத்துக் கொடுத்த சீருடைகள் சீக்கிரமே பிய்ந்து போயின. இன்று ஆங்கிலத்தில் தரங்கெட்ட எதையும் 'ஷாடி' என்கிறார்களே, அந்த வசவு இந்தத் துணியிலிருந்து பரவியதுதான்.

பாவம் அந்தத் துணி. குறை அதன் இழை நீளத்தில் இருக்கிறது. நூல் என்பது சின்னச் சின்ன இழைகளை முறுக்கிச் சேர்த்தது. இழை நீளமாக இருந்தால் முறுக்குப் பிடித்து நூல் வலுவாக இருக்கும். நெய்த துணியைப் பற்சக்கரங்கள் கிழித்துப் பஞ்சாக்கும்போது இழைகள் அறுந்து குட்டையாகின்றன. கம்பளி இழை இயல்பிலேயே நீளம், சுருளும் உண்டு. அறுந்த பிறகும் ஓரளவு தாங்கும். அதனால்தான் இத்தாலியின் பிராட்டோ நகரம் தலைமுறைகளாகப் பழைய கம்பளியிலிருந்து நல்ல துணி செய்கிறது. ஹரியானாவின் பானிபட்டில் உலகெங்கிலுமிருந்து வரும் பழைய ஸ்வெட்டர்களை நிறவாரியாகப் பிரித்துக் கிழிக்கிறார்கள். சிவப்பெல்லாம் ஒரு குவியல், நீலமெல்லாம் ஒரு குவியல் என்று பிரித்துவிட்டால் மறுபடி சாயம் போடவே வேண்டியதில்லை. பேரிடர் நிவாரணத்தில் வழங்கப்படும் விலை மலிந்த போர்வைகள் நெடுங்காலம் அங்கிருந்துதான் போயின.

பருத்திக்கு அந்தத் தாங்கும் சக்தி குறைவு. துவைத்துத் துவைத்து ஏற்கெனவே தளர்ந்த இழை, கிழித்ததும் தூசிக்குப் பக்கத்தில் வந்துவிடும். புதுப் பருத்தியோ பாலியஸ்டரோ சேர்க்காமல் நூற்க முடியாது. சட்டை முழுப் பருத்தி என்று லேபிள் சொன்னாலும், அதைத் தைத்த நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். பட்டன், ஜிப், உள்ளே ஒட்டிய காலர் கேன்வாஸ், மார்பில் ரப்பர்போலப் படிந்த அச்சு இவற்றையெல்லாம் முதலில் வெட்டி எடுக்க வேண்டும். லைக்ரா, அதாவது எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை, கலந்த துணி கிழிபடாமல் இழுபட்டு இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும். பொருள்களை வீணாக்காமல் மறுபடி மறுபடி பயன்படுத்த வலியுறுத்தும் எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-ல் வெளியிட்ட அறிக்கையில், உடை செய்யப் பயன்படும் பொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவானதே மறுபடி உடையாகிறது என்று சொன்னது இதனால்தான். மற்றபடி 'ரீசைக்கிள்' ஆவது மெத்தைக்குள் அடைக்கும் பஞ்சாகவும், கட்டடச் சுவருக்குள் வைக்கும் பட்டையாகவும், பட்டறையில் எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் துணியாகவும்தான். கேவலமான முடிவு இல்லை அது. ஆனால் அங்கிருந்து அடுத்த வாசல் குப்பைமேடு.

'ரீசைக்கிள்டு பாலியஸ்டர்' என்று டேக் தொங்கும் புதுச் சட்டையைப் பார்த்து, பழைய சட்டை ஒன்றுதான் இப்படி மறுபிறவி எடுத்திருக்கிறது என்று நினைப்பவர்கள் அநேகம். ஏறக்குறைய எல்லாமே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலிலிருந்து வந்தது. பாட்டிலை மறுபடி பாட்டிலாக்க முடியும். பல சுற்று ஓடும். சட்டையாக்கியதும் அந்தச் சுற்று பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. டேக்கில் பொய் எழுதவில்லை என்பது உண்மை. அதில் எழுதாமல் விட்டதுதான் எனக்கு உறுத்துகிறது.

இழையைக் கிழிக்காமல் கரைக்கும் முறைகளும் உண்டு. ஸ்வீடனின் ரீநியூசெல் நிறுவனம் பழைய பருத்தியைக் கரைத்துக் கூழாக்கி, வழக்கமாக மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் நூலுக்கான மூலப்பொருளாக்கியது. பழைய காகித ஆலை ஒன்றில் 2022-ல் பெரிய தொழிற்சாலையே திறந்தார்கள். தொழில்நுட்பம் வேலை செய்தது. பெரிய பிராண்டுகள் மேடைகளில் பாராட்டின; ஆனால் ஆர்டர் போதவில்லை. 2024 பிப்ரவரியில் நிறுவனம் திவாலானது. பிறகு வேறு முதலீட்டாளர் வாங்கி, 'சர்குலோஸ்' என்ற பெயரில் தொடர முயல்கிறார். மரக்கூழ் மலிவாகக் கிடைக்கும்போது கந்தல் கூழுக்கு அதிக விலை கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை என்பதுதான் இதன் சாரம்.

இன்னொரு பக்கம், ஆண்டுக்குச் சுமார் 9.2 கோடி டன் துணிக்கழிவு சேர்கிறது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். 2000-க்கும் 2015-க்கும் இடையில் உலக ஆடை உற்பத்தி ஏறக்குறைய இரு மடங்கானது. அதே காலத்தில் ஓர் உடையை உடுத்தும் தடவைகள் 36 சதவீதம் குறைந்தன என்று மேற்சொன்ன 2017 அறிக்கை கணக்கிட்டது. குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைக்கும் கதைதான்.

பின்லாந்து ஆய்வாளர்கள் 2021-ல் ஒரு ஜீன்ஸை எடுத்துக்கொண்டு ஐந்து வழிகளை ஒப்பிட்டார்கள்: வழக்கம்போல் உடுத்தி எறிவது, குறைவாக வாங்கி நீண்ட நாள் உடுத்துவது, இன்னொருவருக்கு விற்பது, இழையாக மறுசுழற்சி செய்வது, வாடகைக்கு எடுப்பது. காலநிலைக்கு மிகக் குறைந்த பாரம் நீண்ட நாள் உடுத்துவதில்தான் வந்தது. மிக நவீனமாகத் தோன்றும் வாடகை முறை கடைசி. ஒவ்வொரு தடவையும் போய் எடுத்து, திரும்பக் கொடுக்கும் போக்குவரத்து அதன் நன்மையைத் தின்றுவிட்டது. கழிவைக் குறைக்கப் பாடுபடும் பிரிட்டனின் 'ராப்' அமைப்பும் இதே திசையில்தான் கை காட்டுகிறது: ஓர் உடையின் பயன்பாட்டை ஒன்பது மாதம் நீட்டித்தாலே அதன் கார்பன், தண்ணீர், கழிவுப் பாரங்கள் 20 முதல் 30 சதவீதம் வரை குறையும் என்பது அதன் மதிப்பீடு.

பிரிப்புக் கூடத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது

அப்படியென்றால் வீட்டில் செய்ய வேண்டியது என்ன? அந்த பெல்ட் பக்கம் நிற்பவர் செய்யும் வேலையை, பையைக் கட்டும் முன்பு நாமே செய்வது. நமக்கு அவரைவிட வசதி அதிகம்: ஒரு துணிக்குச் சில விநாடிகள் அல்ல, ஒரு மாலையே இருக்கிறது. தவிர, அந்தச் சட்டை ஏன் மூலைக்குப் போனது என்று நமக்குத் தெரியும்.

யோசித்துப் பார்த்தால், ஒதுக்கிய உடைகளில் பல முழுவதும் கெட்டுப்போனவை அல்ல. ஒரு பட்டன், ஒரு ஜிப், தொய்ந்த எலாஸ்டிக், இடுப்பில் இரண்டு அங்குலம். ஜிப் மூடவில்லை என்றால் பெரும்பாலும் பற்கள் சரியாகத்தான் இருக்கும். மேலே ஓடும் வண்டி தளர்ந்திருக்கும். குறடால் பக்கவாட்டில் மெதுவாக அழுத்திப் பார்க்கலாம், அல்லது அதை மட்டும் மாற்றலாம். எலாஸ்டிக் போன பேன்ட்டில் இடுப்புப் பட்டியின் தையலை இரண்டு விரற்கடை பிரித்து, ஊக்கில் கோத்துப் புது எலாஸ்டிக்கை ஓட்டிவிட்டால் போதும். ஜீன்ஸ் பெரும்பாலும் உள்தொடையில்தான் முதலில் நையும். ஓட்டை விழுந்த பிறகு ஒட்டுப் போட்டால் பக்கத்துத் துணியும் சேர்ந்து கிழியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மெலிந்திருக்கும்போதே உள்பக்கம் துண்டு வைத்து நெருக்கமாகத் தையல் ஓட்டிவிடுவது நல்லது. வெளுத்த கறுப்புப் பருத்திக்கு மறுபடி சாயம் ஏற்றலாம். பாலியஸ்டரில் சாதாரணச் சாயம் ஏறாது. அதனாலேயே, சாயமேற்றிய சட்டையில் தையல் நூல் மட்டும் பழைய நிறத்திலேயே பளிச்சென்று நிற்கும். எனக்கு அது அழகாகத்தான் படுகிறது.

சரிசெய்த பிறகும் நமக்கு வேண்டாதது என்றால் கைமாற்றலாம். அதற்கு ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: இதைப் பழக்கமான ஒருவரிடம் நேருக்கு நேர் நீட்டக் கூசுமா? கூசினால் அது பைக்குள்ளும் போகக் கூடாது. முகம் தெரியாதவர் என்பதற்காகத் தரம் இறங்கலாமா என்ன? குழந்தைகளின் உடைகள் இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும், நைவதற்கு முன்பே பிள்ளை வளர்ந்துவிடுவதால். துவைத்து, முழுக்கக் காயவைத்துத்தான் கட்ட வேண்டும். ஈரமான ஒரு துவாலை போதும், மூடிய பையில் பூஞ்சை பிடித்து மொத்தத்தையும் பாழாக்கும். செருப்பு, ஷூக்களை ஜோடியாகச் சேர்த்துக் கட்டாவிட்டால் பெல்ட்டில் பிரிந்துபோய் இரண்டுமே வீண். சட்டை, பேன்ட் பாக்கெட்டுகளைத் துழாவிப் பாருங்கள். வேலையிட, பள்ளிச் சின்னங்கள் இருந்தால் பிரித்துவிடுங்கள்.

பேரிடர் நேரத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொள்வது நல்லது. 2004 சுனாமியின்போது கரையோரங்களுக்கு வந்து குவிந்த பழைய துணிகள், கேட்பாரற்று மழையில் நனைந்து சாலையோரங்களில் அழுகின. வீட்டை இழந்தவர்களுக்கு அது இன்னொரு அவமானம். அன்ஷு குப்தா 1999-ல் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு அப்படிக் கைவிடப்பட்ட துணிகளைச் சேகரித்துப் பிரித்துப் பயனுக்குக் கொண்டுவந்தது. பழைய பருத்தித் துணியிலிருந்து மாதவிடாய் அணையாடை தைப்பது போன்ற வேலைகளால் பரவலாக அறியப்பட்ட அமைப்பு அது. 2015-ல் குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. அங்கே கொடுப்பவரின் தாராளத்தைவிட பிரிப்பவரின் உழைப்புதான் பெரிதாக எனக்குத் தெரிகிறது.

உடுத்த முடியாத பருத்தி, குறிப்பாக பனியன் துணி, துடைக்க நன்றாக உதவும். சதுரமாக வெட்டி வைத்துக்கொண்டால் காகிதத் துவாலை வாங்கும் தேவையே குறைந்துவிடும். பாலியஸ்டர் இதற்கு உதவாது. தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டே போகும். வெட்டுமுன் பட்டன், ஜிப், ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த பழுதுக்கு ஆகும். எரித்துவிடலாமே என்று மட்டும் தோன்ற வேண்டாம். பாலியஸ்டரும் அக்ரிலிக்கும் உருகி எரியும்போது வரும் புகை நுரையீரலுக்கு விஷம்.

இதற்குப் பிறகும் மிஞ்சுவதுதான் இழை மறுசுழற்சிக்கு. யாரிடம் கொடுக்கிறோம் என்பதை இங்கே விசாரிக்கத்தான் வேண்டும். எங்கே அனுப்புகிறீர்கள், எவ்வளவு உடுத்தப் போகிறது, எவ்வளவு கிழிக்கப்படுகிறது என்று கேட்டால் எண்ணிக்கையோடு பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பச்சை இலைப் படத்தைக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். 2023-ல் 'சேஞ்சிங் மார்க்கெட்ஸ்' அமைப்பு, நல்ல நிலையிலிருந்த 21 உடைகளில் இருப்பிடம் காட்டும் சிறு கருவிகளை ஒளித்து, பிராண்டுகளின் 'திரும்பக் கொடுங்கள்' பெட்டிகளில் போட்டுப் பின்தொடர்ந்தது. நான்கில் மூன்று பங்கு அழிக்கப்பட்டன, கிடங்கில் முடங்கின, தரம் இறக்கப்பட்டன அல்லது தொலைதூரத்துக்கு ஏற்றுமதியாயின. பழையதைப் போட்டால் புதியதற்குத் தள்ளுபடி கூப்பன் கொடுக்கும் பெட்டிகளைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் அதிகம்தான்.

சட்டங்கள் இப்போதுதான் இந்தப் பக்கம் திரும்புகின்றன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2025 ஜனவரி 1 முதல் துணிக்கழிவைத் தனியாகச் சேகரிக்க வேண்டும். சேகரித்ததைப் பிரிக்கவும் கிழிக்கவும் திறன் வளராமல் இந்த விதி மட்டும் வந்தால், குவியல் இடம் மாறுமே தவிர குறையாது. அதைவிட, விற்கும் நிறுவனமே கழிவின் செலவை ஏற்க வேண்டும் என்ற விதி உருப்படியானது. பிரான்ஸில் அது பல ஆண்டுகளாக நடப்பில் உண்டு. 2023 நவம்பரிலிருந்து அங்கே கிழிந்த உடையையோ தேய்ந்த செருப்பையோ பதிவுபெற்ற தையல்காரர், செருப்புத் தைப்பவரிடம் சரிசெய்தால் செலவில் ஒரு பகுதி தள்ளுபடியாகக் கிடைக்கிறது. 2026 ஜூலை 19 முதல், விற்காத ஆடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கும் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதிக்கிறது. புதுத் துணியை எரிக்காதே என்று சட்டம் போட வேண்டிவந்ததே தனிக் கதை.

இவ்வளவு பிரித்த பிறகும் ஒரு சிறு குவியல் மீந்துவிடும்: ஜிகினா ஒட்டிய மேலாடை, உள்ளே பூச்சு உரிந்த மழைக்கோட்டு, முழங்காலில் தொங்கிப்போன லெக்கின்ஸ். இவற்றுக்கு இன்றைக்கு நல்ல வழி எதுவும் இல்லை, குப்பைக்குத்தான் போகும். லெக்கின்ஸின் இடுப்புப் பக்கம் தைத்த லேபிளைப் பாருங்கள். 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் எலாஸ்டேன் என்று இருக்கும். கடையில் கையில் எடுத்தபோதும் அதே லேபிள் அங்கேதான் இருந்தது.